திப்பி

வாழப்பாடிக்கு முந்தின வளைவில்
காற்று புளிக்கத் தொடங்கும்.
கண்டக்டர் விசில் ஊத வேண்டியதில்லை,
மோப்பத்திலேயே இறங்கிவிடுவேன்.

லாரி கொட்டும் மரவள்ளியில் ஒரு கூடை எடுத்து
தண்ணீருக்குள் எடை போடுவேன்.
இருபத்தெட்டுப் பாயிண்ட் என்று எழுதினால்
புழுதிக்குட்டைப் பச்சமுத்து எனக்கும் டீ சொல்வார்.
இருபத்து மூன்று என்றால்
தராசையும் என்னையும் சேர்த்துத் திட்டுவார்.
கிழங்கு எவ்வளவு வெயிலைச் சேர்த்து வைத்தது
என்பதுதான் பாயிண்ட்.
கடன்காரனிடம் அதை அவர் எப்படிச் சொல்வார்?

அரைக்கும் இடத்தில்
தினமும் ஒரு கொலைமுயற்சி.
கிழங்கின் செல்லுக்குள்
பூட்டி வைத்த விஷம் ஓர் அறையில்,
பூட்டைத் திறக்கிற புரதம் மறு அறையில்,
நடுவே சுவர்.
பல் பட்டால் சுவர் உடையும்,
சாவி தன் பூட்டைக் கண்டுபிடிக்கும்.
எலிக்கு வைத்த கண்ணி அது.
நாங்கள் தண்ணீர் விட்டு விட்டு
அந்தக் கோபத்தைக் கழுவி
பாயசத்துக்கு அனுப்புகிறோம்.

மாவு தொட்டியின் அடியில் படியும்.
திப்பி சல்லடையில் நிற்கும்.
மாவுக்கு மார்க்கெட் விலை, திப்பி மாட்டுக்கு.
மாவும் திப்பியின் நாரும் ஒரே சர்க்கரை என்றால்
முதலாளி சிரிப்பார்.
ஒரே மணிதான், கோர்த்த விதம் வேறு.
எல்லா மணியும் ஒரே பக்கம் பார்த்தால் மாவு,
ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழானால் நார்.
அந்தத் திருப்பத்துக்கு நம் குடலில் சாவியில்லை.
எருமை வயிற்றில் வாடகையில்லாமல் குடியிருக்கும்
கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் இருக்கிறது.
அவர்கள் திறந்து விடுகிறார்கள்,
அது பாலாகி என் டீக்கு வருகிறது.

மதியம் அயோடின் ஒரு துளி.
நீலம், பிறகு கருநீலம்.
மழைக்கு முன்னால் சேர்வராயன் மலை
உடுத்திக்கொள்ளும் நிறம்.

சாயங்காலம் அஸ்தம்பட்டி லேபில் என் முறை.
ஆறாம் மாதம்.
குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து
இரண்டு மணிநேரம் உட்காரச் சொன்னார்கள்.
காலையெல்லாம் நான் சோதித்ததையே
ஒற்றை ஒற்றை மணியாக அறுத்து
எனக்குள் ஊற்றிவிட்டு
என்னைச் சோதிக்கிறார்கள்.
"பேரு?"
"இலஞ்சியம்."
"வேலை?"
"இதே வேலைதான்."

சர்க்கரை நூற்று இருபத்தெட்டு. தப்பித்தேன்.
சிறுநீரில் புரதம் இல்லை.
இல்லை என்று எழுதியதைப் படித்து
இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.
ரத்தத்தின் வேலையாட்கள்
வேலி தாண்டாமல் உள்ளேயே இருக்கிறார்கள்.
கொழுப்பு மட்டும் கூடுதல்.
"இந்த மாசத்துல கூடும்க்கா,
அது சுவர் எழுப்ப வேணாமா?" என்றாள் ஷம்ஷாத்,
அடுத்த ஊசியைப் பிரித்துக்கொண்டே.

என்ன சுவர்!
தண்ணீரைப் பார்த்து நிற்கும் தலை,
தண்ணீருக்கு அஞ்சி ஒளியும் வால்,
இரண்டு வரிசை, வாலோடு வால்.
அந்த எண்ணெய்ப் படலம் இல்லாவிட்டால்
உள்ளே என்றும் வெளியே என்றும்
உலகத்தில் ஒன்றும் கிடையாது.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் நிறைய மரவள்ளிக் காடு.
விதைப்பதில்லை, குச்சியை வெட்டி நடுவார்கள்.
ஏக்கர் முழுக்க ஒரே செடி.
பச்சமுத்துவின் அப்பா நட்ட அதே செடி,
அதே எழுத்து,
எழுத்துப் பிழையும் அநேகமாக அதே.
வெள்ளை ஈ ஓர் இலையை மஞ்சளாக்கினால்
காடே சேர்ந்து மஞ்சள்.

எனக்குள் அப்படியில்லை.
அதே நாலு எழுத்துதான்,
ஆனால் பாதி என்னுடையது, பாதி வேடியப்பனுடையது.
அவன் கோணல் பல்லும் என் முன்கோபமும்
எந்தப் பக்கத்தில் ஒட்டப்பட்டனவோ,
படித்துப் பார்க்க எனக்கு அனுமதியில்லை.

அயோத்தியாப்பட்டணம் ரயில்வே கேட்டில்
பஸ் நின்றபோது ஓர் உதை.
குளுக்கோஸ் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.
எந்தக் காட்டு வெயிலோ,
எத்தனை பாயிண்டோ.